பச்சை உடம்புக்காரிக்கு ஓய்வு கொடுத்தது யார்? (ஒரு நீண்ட இழை)

1/
"எங்க பாட்டி எல்லாம் பிள்ளை பெத்த மறுநாளே தறியில உட்கார்ந்தாங்க. இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குத்தான் ரெஸ்ட்டு, டிப்ரஷன் எல்லாம்."

காஞ்சிபுரத்துல பிரசவ வார்டு பக்கம் போற எந்த டாக்டரும் இந்த வசனத்தைக் கேட்காம இருக்க முடியாது. இது எந்த அளவுக்கு உண்மை? கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம். இழை நீளம். பொறுமையா படிங்க.

2/
முதல்ல நம்ம மொழியே இதை மறுக்குது. புதுசா பிள்ளை பெத்தவளுக்கு நாம வெச்ச பேரு "பச்சை உடம்புக்காரி". பச்சைப் புண்ணுனு சொல்ற அதே "பச்சை". இன்னும் ஆறல, தொடாதேனு அர்த்தம். "பிள்ளைப்பேறு மறுஜென்மம்"னும் சொல்லுவோம். மறுநாளே வேலை செய்யலாம்னு நம்பின ஊர்ல இப்படி வார்த்தைகள் உருவாகியிருக்காது.

3/
வளைகாப்பு போட்டு தாய் வீட்டுக்கு அனுப்புற பழக்கத்தை யோசிச்சுப் பாருங்க. வளையல், சாதம், பாட்டு எல்லாம் சரி. கூடவே இன்னொரு வேலையும் நடக்குது. மாமியார் வீட்டுல விடிஞ்சா எழுந்து தண்ணி தூக்குற, அடுப்பு மூட்டுற பொண்ணை அந்த வேலைகள்ல இருந்து சில மாசம் வெளியே எடுக்குறாங்க. அந்தக் காலத்து மகப்பேறு விடுப்பு அதுதான்.

4/
திருச்சி மலைக்கோட்டை தாயுமானவர் கதை தெரியும்ல? பிரசவத்துக்கு உதவ வர வேண்டிய அம்மா காவிரி வெள்ளத்துல அக்கரையிலேயே மாட்டிக்கிட்டாங்க. மகள் இங்க வலியில துடிக்கிறா. சிவனே அம்மா உருவத்துல வந்து பிரசவம் பார்த்தார்னு தல புராணம். பெத்தவளுக்குப் பக்கத்துல ஒரு ஆள் இல்லாம போறது எவ்வளவு பெரிய ஆபத்துனு அந்தக் கதையைச் சொன்னவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நம்ம அரசு ஆஸ்பத்திரி பிரசவ அறையில இன்னிக்கு ஒரு பெண் உறவினரைத் துணைக்கு அனுமதிக்கிறோமே, தேவை அதே தேவைதான்.

5/
மருத்துவ ரீதியா பார்த்தாலும் "பச்சை உடம்பு" சரியான வார்த்தை. நஞ்சு பிரிஞ்சு வந்த இடம் கர்ப்பப்பைக்குள்ள ஒரு திறந்த புண். பிரசவம் முடிஞ்சதும் கர்ப்பப்பை சுமார் ஒரு கிலோ எடை இருக்கும். அது சுருங்கி 100 கிராமுக்குக் கீழே வர ஆறு வாரம் ஆகும். அந்த ஆறு வாரமும் ரத்தம் உறையும் தன்மை கூடுதலா இருக்கும், அதனால கால் நரம்புல ரத்தக்கட்டி வர வாய்ப்பும் அதிகம். டாக்டர்கள் சொல்ற 42 நாள் கணக்கு இங்க இருந்து வந்ததுதான்.

6/
அதுக்காக "பழசெல்லாம் பொற்காலம்"னு சொல்ல வரல. தீட்டுனு சொல்லி காத்து வெளிச்சம் இல்லாத அறையில தள்ளி வெச்சதும் நாமதான். "தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும்"னு பால் கொடுக்குறவளுக்குத் தண்ணி கொடுக்காம விட்டதும், சுத்தம் பண்ணாத கத்தியில தொப்புள்கொடி அறுத்து பச்சைக் குழந்தைக்கு ரணஜன்னி வர வெச்சதும் நாமதான். ஒதுக்கி வெச்சதுல ஓய்வு கிடைச்சது. அதே ஒதுக்கல்ல சில பேர் உயிரும் போச்சு.

7/
ஆஸ்பத்திரிகளும் சுத்தம் இல்ல. 1847-ல வியன்னாவுல செம்மல்வைஸ்னு ஒரு டாக்டர் கவனிச்சார். மருத்துவ மாணவர்கள் பிரசவம் பார்க்குற வார்டுல தாய்மார்கள் ஜன்னி கண்டு அதிகமா சாகுறாங்க, மருத்துவச்சிகள் பார்க்குற வார்டுல குறைவு. காரணம், மாணவர்கள் பிணவறையில இருந்து நேரா பிரசவ அறைக்கு வந்தாங்க. குளோரின் கலந்த தண்ணியில கை கழுவச் சொன்னார். சாவு சரசரனு குறைஞ்சது. சக டாக்டர்கள் பல பேர் அவரை நம்பல. "எங்க கையா கொலை பண்ணுச்சு?"ங்கிற கோபம்.

8/
நம்ம பக்கம் வருவோம். சென்னையில 1844-லயே ஒரு பிரசவ ஆஸ்பத்திரி ஆரம்பிச்சாங்க. அதுதான் இன்னிக்கு எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனை. ஆசியாவுலயே பழமையான மகப்பேறு மருத்துவமனைகள்ல ஒண்ணு. ஆனா கட்டடம் இருந்தா போதுமா? ஆம்பளை டாக்டர் கிட்ட காட்ட மாட்டோம்னு எத்தனையோ குடும்பங்கள் வீட்டுக்குள்ளயே பெண்களைச் சாக விட்டாங்க.

9/
மேரி ஷார்லிப்னு ஒரு வெள்ளைக்கார வக்கீலோட மனைவி சென்னையில இந்த நிலைமையைப் பார்த்தாங்க. 1875-ல சென்னை மருத்துவக் கல்லூரியில சேர்ந்த முதல் நாலு பெண்கள்ல அவங்களும் ஒருத்தர். படிச்சு முடிச்சு, 1885-ல வெளியே வராத பெண்களுக்காகவே ஒரு ஆஸ்பத்திரி தொடங்கக் காரணமா இருந்தாங்க. திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரினு சொல்லுவோமே, அதான். இப்ப கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. இந்தப் பேரை நினைவுல வெச்சுக்கோங்க, திரும்ப வருது.

10/
புதுக்கோட்டையில 1886-ல பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1912-ல சென்னை மருத்துவக் கல்லூரியில பட்டம் வாங்குறாங்க. எழும்பூர் ஆஸ்பத்திரியிலயே ஹவுஸ் சர்ஜனா வேலை பார்க்குறாங்க. பின்னாடி சட்ட மேலவைக்குப் போனது, தேவதாசி முறையை எதிர்த்தது, அவ்வை இல்லம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எல்லாம் பாடப் புத்தகத்துல இருக்கு. இந்தப் பேரும் திரும்ப வரும்.

11/
இப்ப துணி நெய்ற பெண்கள் கதைக்கு வருவோம். 1928-ல லூசி வில்ஸ்னு ஒரு ஆங்கிலேய டாக்டர் பம்பாய் வர்றாங்க. பஞ்சாலையில வேலை செய்ற கர்ப்பிணிகள் வெளிறிப் போய், மூச்சு வாங்கி, சில பேர் இறந்தும் போறாங்க. ரத்தசோகைதான். ஆனா சாதாரண ரத்தசோகை மாதிரி இல்ல. கிருமியா, சாப்பாடானு தேடினாங்க. நல்லா சாப்பிடுற வீட்டுப் பெண்களுக்கு இது அரிதா இருக்குறதைக் கவனிச்சாங்க.

12/
அந்தத் தேடல்ல அவங்க குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துலயும் வேலை செஞ்சாங்க. 1931 ஆரம்பத்துல நம்ம கோஷா ஆஸ்பத்திரியிலயும் வேலை செஞ்சாங்க. கடைசியில பதில் கிடைச்சது ரொம்ப மலிவான ஒரு பொருள்ல. மார்மைட்னு ரொட்டியில தடவுற ஈஸ்ட் சாறு. அதைக் கொடுத்ததும் தாய்மார்கள் தேறினாங்க. 1931-ல கட்டுரை வந்தது. அந்த ஈஸ்டுக்குள்ள இருந்த சத்தை 1941-ல பசலைக்கீரையில இருந்து பிரிச்செடுத்து வெச்ச பேருதான் ஃபோலிக் அமிலம்.

13/
ஆரம்ப சுகாதார நிலையத்துல உங்க மனைவிக்கோ தங்கச்சிக்கோ கொடுக்குற ஃபோலிக் அமில மாத்திரையும், இரும்புச்சத்து மாத்திரைக்குள்ள சேர்ந்திருக்கிற ஃபோலிக் அமிலமும் பஞ்சாலைப் பெண்களோட ரத்தத்துல இருந்து கத்துக்கிட்ட பாடம். "வாந்தி வருது, கருப்பா மலம் போகுது"னு அதை ஜன்னல் வழியா தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை நினைங்க.

14/
மாத்திரை கண்டுபிடிச்சாச்சு. ஓய்வு? 1919-ல சர்வதேச தொழிலாளர் அமைப்பு முதல் கூட்டத்துலயே, பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் பெண்ணை வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. டாக்டர் சொல்ற அதே ஆறு வாரம். இந்தியாவுல பம்பாய் மாகாணம் 1929-ல மகப்பேறு உதவிச் சட்டம் கொண்டு வந்தது.

15/
அதுக்கு முந்தின வருஷம், 1928-ல, பம்பாய் சட்ட மேலவையில அந்த மசோதாவை ஆதரிச்சுப் பேசினவர் அம்பேத்கர். பிரசவத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் தாய்க்கு ஓய்வு கிடைக்கிறது நாட்டோட நலன். அதனால அந்தச் செலவுல பெரும் பங்கை அரசு ஏத்துக்கணும். பெண்ணோட உழைப்பால லாபம் பார்க்குற முதலாளியும் பங்கு தரணும். சுருக்கமா இதுதான் அவர் வாதம். இதுல "அரசு ஏத்துக்கணும்"ங்கிற பாதியைப் பிடிச்சு வைங்க.

16/
சென்னை மாகாணத்துக்கு 1934-ல சட்டம் வந்தது. நாடு முழுக்க 1961-ல 12 வாரம். 2017-ல அது முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் ஆச்சு. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2016-ல 9 மாசம், 2021-ல இருந்து 12 மாசம். அருமையான வளர்ச்சி. சந்தேகமே இல்ல.

17/
ஆனா இந்தச் சட்டங்கள் எல்லாத்துலயும் ஒரு ஆள் கட்டாயம் இருக்கணும். முதலாளி. சம்பளப் பட்டியல்ல பேர் இருந்தாத்தான் விடுப்பு.

பிள்ளையார்பாளையத்துல வீட்டுக்குள்ளயே குழித்தறி போட்டு நெய்ற குடும்பத்துல முதலாளி யாரு? பாவும் ஜரிகையும் கொடுக்குறவர் வேற இடத்துல இருக்கார். கூலி சேலைக்கு இவ்வளவுனு. நாள் கணக்கு கிடையாது. நெய்யலைன்னா கூலி இல்ல.

18/
காஞ்சிப் பட்டோட பெருமையே கோர்வை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், ரெண்டையும் தறியிலயே கோத்து நெய்றது. அதுக்கு நெய்றவர் பக்கத்துல நாடா தள்ளிக் கொடுக்க இன்னொரு ஆள் வேணும். வெளியே ஆள் வெச்சா கூலி போகும். அதனால பல வீட்டுல அந்த ரெண்டாவது ஆள் மனைவிதான். அது இல்லாம தார் சுத்துறது, பாவுல இழை அறுந்தா முடிச்சுப் போடுறது, சமையல், பிள்ளைங்க. புருஷன் பேர்ல ஒரு தறினு கணக்கு. உழைப்பு ரெண்டு பேரோடது.

19/
அப்ப பாட்டி மறுநாளே தறியில உட்கார்ந்தது உண்மையா இருக்கலாம். சில வீட்டுல நடந்திருக்கும். ஆனா அதுக்குக் காரணம் பாட்டியோட உடம்பு இரும்புனு நினைக்காதீங்க. அவங்க எழுந்து வரலைன்னா தறி நிக்கும், தறி நின்னா அடுப்பு நிக்கும். இருந்தது அந்த ஒரே வழிதான். அப்படி உட்கார்ந்து ரத்தப்போக்குலயும் ஜன்னியிலயும் போனவங்களோட கதையைச் சொல்ல பேரன் பேத்தி யாரும் இல்ல. நமக்கு வந்து சேர்ந்தது பிழைச்சவங்க கதை மட்டும்தான்.

20/
வாய்ப்பு இருந்த வீடுகள்ல ஊர் வேற மாதிரி நடந்துக்கிச்சு. நம்ம காஞ்சிபுரத்து அண்ணாவையே எடுத்துக்கோங்க. 1909-ல நெசவாளர் சமூகத்துல பிறந்தவர். அவரை வளர்த்தது சிற்றன்னை ராஜாமணி அம்மாள். "தொத்தா"னு கூப்பிடுவார். பெத்தவ ஒருத்தி, வளர்க்குற கை நாலு. பெரியம்மா, சித்தி, அத்தை, பக்கத்து வீட்டு அக்கானு இருந்த அந்தக் கைகள் இன்னிக்கு வாடகை வீட்டுல, தனிக்குடித்தனத்துல குறைஞ்சு போச்சு.

21/
முதலாளி இல்லாத தாய்க்கு யார் விடுப்பு தர்றது? 1987-ல தமிழ்நாடு அரசு ஒரு பதில் சொல்லுச்சு. ஏழைக் கர்ப்பிணிகளுக்கு 300 ரூபாய். கர்ப்ப காலத்துல இழக்குற கூலிக்கும் சத்தான சாப்பாட்டுக்கும். திட்டத்தோட பேரு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம். அம்பேத்கர் 1928-ல கேட்ட "அரசு ஏத்துக்கணும்"ங்கிறதுக்கு நம்ம ஊர்ல வந்த பதில்னு நான் இதைப் பார்க்குறேன்.

22/
2006-ல 6,000. 2011-ல 12,000. 2018-ல 18,000, அதுல ஒரு பகுதி சத்துணவுப் பெட்டகமா. தவணை தவணையா, பரிசோதனை, ஆஸ்பத்திரி பிரசவம், தடுப்பூசினு ஒவ்வொரு படியோட சேர்த்துக் கொடுக்குறாங்க. "சும்மா காசு கொடுத்து சோம்பேறி ஆக்குறாங்க"னு பேசுறவங்க இருக்காங்க. ஒன்பது மாசம் வயித்துல சுமந்து, கூலி இழந்து நிக்கிறவளுக்குக் கொடுக்குற நஷ்ட ஈடு எப்படி இலவசம் ஆகும்?

23/
இதெல்லாம் சேர்ந்து என்ன ஆச்சு? 24 மணி நேரமும் நர்ஸ் இருக்குற ஆரம்ப சுகாதார நிலையம், கிராம சுகாதார செவிலியர், 108, ரத்த வங்கி, உதவித்தொகை. 2001-03-ல ஒரு லட்சம் பிரசவத்துக்கு 134 தாய்மார்கள் இறந்தாங்க. 2018-20-ல அது 54. அதே காலத்துல இந்திய சராசரி 97. கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் இப்ப ஆஸ்பத்திரியிலதான்.

24/
ஆனா ஒரு கசப்பு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை இருக்கு. லூசி வில்ஸ் மார்மைட் கொடுத்து 90 வருஷம் ஆச்சு. மாத்திரை வீடு வரைக்கும் வருது. வாய்க்குப் போகல. எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுற பழக்கமும் போகல.

25/
இப்ப அந்த வசனத்தோட ரெண்டாவது பாதி: "டிப்ரஷன் எல்லாம் இந்தக் காலத்து வியாதி."

அதே 1987-ல பிரிட்டன்ல ஜான் காக்ஸ்னு ஒரு மனநல மருத்துவரும் அவர் குழுவும் பத்தே கேள்விகள் உள்ள ஒரு படிவத்தை வெளியிட்டாங்க. எடின்பரோ அளவுகோல். பிரசவமான தாயோட மனச்சோர்வைக் கண்டுபிடிக்க. தமிழ்லயும் இருக்கு.

26/
2002-ல ஒரு முக்கியமான ஆய்வு வந்தது. லண்டன்லயோ நியூயார்க்லயோ பண்ணது இல்ல. நம்ம பக்கத்து வேலூர்ல, சி.எம்.சி மருத்துவர்கள், கிராமத்துப் பெண்கள் கிட்ட பண்ணது. பிரசவத்துக்குப் பிறகு புதுசா மனச்சோர்வு வந்தவங்க 11 சதவீதம். ஒன்பது பேர்ல ஒருத்தர். வசதியான வீட்டு வியாதினு சொல்றவங்களுக்கு இது ஒண்ணே போதும்.

27/
யாருக்கு அதிகமா வந்ததுன்னு அந்த ஆய்வு சொல்லுது பாருங்க. வருமானம் குறைஞ்ச வீடு. ஆண் குழந்தையை எதிர்பார்த்து பெண் பிறந்த வீடு. மாமியாரோடயோ பெத்தவங்களோடயோ உறவு சரியில்லாதது. கர்ப்ப காலத்துல பட்ட கஷ்டங்கள். கூடமாட ஒத்தாசைக்கு ஆள் இல்லாதது.

இந்தப் பட்டியல்ல எதுவும் அந்தப் பொண்ணோட "மனதைரியம்" சம்பந்தப்பட்டது இல்ல. அதிகமும் நாம நடந்துக்குற விதம்.

28/
அதனாலதான் "செல்ஃப் கேர்"ங்கிற வார்த்தையைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் தயக்கம். முகத்துக்கு மாஸ்க் போடு, தியானம் பண்ணு, உன்னை நீ பார்த்துக்கோன்னு ரீல்ஸ் வருது. தப்பில்ல. ஆனா இந்த வரலாறு முழுக்கப் பாருங்க. தாய்க்கு ஓய்வு அவளா எடுத்துக்கிட்டு வந்ததே இல்ல. தாய் வீடு கொடுத்தது, சட்டம் கொடுத்தது, அரசு கொடுத்தது. யாரும் கொடுக்காத இடத்துல அவ மறுநாள் தறியில உட்கார்ந்தா.

29/
சரி, இப்ப வீட்டுல என்ன செய்யலாம்? புருஷன், மாமியார், அம்மா, மூணு பேருக்கும் சொல்றேன்.

• ஆறு வாரம் தறிக்குழியில உட்கார வைக்காதீங்க. சிசேரியன்னா டாக்டரைக் கேட்டுட்டு இன்னும் தள்ளிப் போடுங்க. ஆனா படுத்தே கிடக்கவும் வேணாம். வீட்டுக்குள்ள நடக்கட்டும், கால்ல ரத்தம் கட்டாது.
• ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது தொடர்ந்து நாலு மணி நேரம் தூக்கம். பால் குடிச்ச பிறகு குழந்தையை வேற யாராவது வாங்கிக்கோங்க.

30/
• பத்தியம்ங்கிற பேர்ல பட்டினி வேணாம். பூண்டு, கருவாடு, சுறாப்புட்டு எல்லாம் தாராளமா கொடுங்க. கூட பருப்பு, முட்டை, கீரை, பழம். தண்ணி கேட்குற அளவு கொடுங்க.
• இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மாசம். பிரசவத்தோட முடியல.
• முதல் சாப்பாட்டுத் தட்டு அவளுக்கு.
• "பொண்ணா பிறந்துருச்சே"ங்கிற பேச்சு அந்த அறைக்குள்ள வரக் கூடாது. வர்ற சொந்தக்காரங்களை வாசல்லயே நிறுத்துறது புருஷனோட பொறுப்பு.

31/
மனசு விஷயம். மூணாம் நாள், அஞ்சாம் நாள் காரணமே இல்லாம அழுகை வரும். நிறைய பேருக்கு வரும். ரெண்டு வாரத்துக்குள்ள தானா சரியாகும். ரெண்டு வாரம் தாண்டியும் அழுகை, தூக்கமின்மை, குழந்தை மேல ஒட்டுதல் இல்லாதது, "நான் இருந்து என்ன பயன்"ங்கிற பேச்சு இருந்தா அது மனச்சோர்வு. பால் கொடுத்துக்கிட்டே எடுத்துக்கக் கூடிய மருந்துகள் இருக்கு. சரியாகும்.

32/
தூக்கமே இல்லாம சம்பந்தம் இல்லாம பேசுறது, யாரோ பேசுற குரல் கேட்குதுன்னு சொல்றது, குழந்தையைப் பத்தி விபரீதமா பேசுறது இருந்தா அது அவசரம். அன்னிக்கே ஆஸ்பத்திரி. அவளையும் குழந்தையையும் தனியா விடாதீங்க. நம்ம ஊர்ல கோயிலுக்குப் பஞ்சமில்ல. வேண்டுதலைப் பிறகு செலுத்தலாம். பேய், காத்து கருப்புனு சொல்லி நாள் கடத்தினா ரெண்டு உயிர் போகும்.

33/
உடம்புல இந்த அறிகுறி இருந்தா காத்திருக்காதீங்க: துணி நனைஞ்சு வழியுற ரத்தப்போக்கு, குளிர் காய்ச்சல், நாத்தமான கசிவு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது, தாங்க முடியாத தலைவலி, கண் மங்குறது, வலிப்பு, மூச்சுத்திணறல். 108.
மருத்துவ ஆலோசனைக்கு 104. மனநல ஆலோசனைக்கு 14416. ரெண்டும் காசு இல்ல.

34/
நெசவாளர் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. கர்ப்பம் தெரிஞ்சதும் கிராம சுகாதார செவிலியர் கிட்ட பதிவு பண்ணுங்க, அப்பதான் உதவித்தொகை. கைத்தறித் தொழிலாளர் நல வாரியத்துல புருஷன் பேரை மட்டும் பதியாம, கூட நெய்ற மனைவி பேரையும் தனியா பதிவு பண்ணப் பாருங்க. வாரியத்துலயும் மகப்பேறு உதவி இருக்கு. அவளும் தொழிலாளிதான்னு முதல்ல காகிதத்துல வரட்டும்.

35/
பட்டு வாங்குறவங்களுக்கும் ஒண்ணு. முகூர்த்தத்துக்கு நாலு நாள் முன்னாடி வந்து "சீக்கிரம் முடிச்சுக் கொடுங்க"னு நெருக்குறதுக்கு முன்னாடி, அந்தத் தறி இருக்குற வீட்டுல யாராவது பச்சை உடம்போட இருக்காங்களான்னு ஒரு தடவை விசாரிங்க. ரெண்டு வாரம் முன்னாடியே ஆர்டர் கொடுத்தா யாருக்கும் நஷ்டம் இல்ல.

உங்க வீட்டுலயோ தெருவுலயோ பிரசவம் ஆன பொண்ணு இருந்தா, குழந்தையைப் பார்க்கப் போகும்போது அவகிட்டயும் "நீ எப்படிம்மா இருக்க, தூங்கினியா, சாப்டியா"னு கேளுங்க. பதிலை உட்கார்ந்து கேட்டுட்டு வாங்க. தேவைப்படுறவங்களுக்கு இந்த இழையைப் பகிருங்க.